மலையை எதிரெதிராகச் சுற்றினோம்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எப்படி இருக்கிறீர்கள், பயலுக்கு இருமல் நின்றதா. எங்கள் இருவரையும் அங்கேயே வந்து இருந்துவிடச் சொல்லிக் கேட்டிருந்தாய், பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். எனக்கே இருப்புக் கொள்ளவில்லையடி. கடையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் துணி ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் போகிறது, நேற்று ஒரு வாத்தியாரின் பேண்ட்டில் ஒரு காலை மட்டும் குட்டையாகத் தைத்து வைத்தேன். பஸ் ஓட்டிய கால் சும்மா இருக்குமா, ஓய்வு பெற்றதிலிருந்து அப்பாவும் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறார்.

வெயில் ஏறுமுன் காற்றாட நடந்துவிட்டு வரலாம் என்று ஞாயிற்றுக்கிழமை அவரை மலைக்குக் கிளப்பினேன். சின்ன வயதில் உன்னை அழைத்துப் போனோமே, மலையைச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடுமே, அந்தப் பாதைதான். கோடை என்பதால் ஈ காக்கை இல்லை. ஏறத் தொடங்குமுன்பே பேச்சு உன் வீட்டுக்குப் போய்விட்டது. அவருக்குப் பேரன் பக்கத்தில் வேண்டும், எனக்கு என் கடை வேண்டும். "நீ வரலைன்னா நான் ஒத்தையா போறேன், போ" என்று சொல்லிவிட்டு இடப்பக்கமாக விறுவிறுவென்று ஏறிவிட்டார். நானும் வீம்புக்கு வலப்பக்கம் திரும்பினேன், வட்டப் பாதைதானே, எப்படியும் எதிரே வந்துதானே ஆக வேண்டும் என்ற நினைப்பு.

உள்ளதைச் சொன்னால் முதலில் நன்றாகத்தான் இருந்தது, யாருக்கும் பதில் சொல்லாமல் மர நிழலில் நடந்து எத்தனை காலமாயிற்று. பாதி மலை சுற்றியும் அவரைக் காணோம். அதற்கப்புறம் நிழலாவது குருவிச் சத்தமாவது, ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தைத்தான் எட்டி எட்டிப் பார்த்தேன். போனில் சிக்னல் இல்லை. "என்னங்க, என்னங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினேன். ஒரு பாறைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், சரளைக்கல்லில் வழுக்கி முழங்கால் பிசகிவிட்டது, முகமெல்லாம் வேர்வை. திட்டத்தான் வாயைத் திறந்தேன், அவர் முந்திக்கொண்டு, "ஒத்தையா போறேன்னு சொன்னேன்ல, பாதி மலைகூடத் தாண்டல" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

என் தோளைப் பிடித்தபடியே இறங்கினார். வழியில், "கடையை மூடுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பயலைப் பாக்கணும் போல இருக்கு" என்றார். கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் என்னவோ செய்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை, வீக்கம்தான் என்று டாக்டர் கட்டுப் போட்டிருக்கிறார், இந்த மனிதர் கட்டோடும் வாசலுக்கு நொண்டுகிறார், போனில் கூப்பிட்டு நீ கொஞ்சம் அதட்டு, நான் சொன்னால் காதில் ஏறாது.

அதனால் வருகிறோம், இரண்டு பேருமாக. வாடிக்கைக்காரர்களிடம் கோடை முடியும்வரை கடை கிடையாது என்று சொல்லிவிட்டேன். பேரனுக்கு என் முத்தம், மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, டிக்கெட் போடும்போது திரும்பி வரவும் சேர்த்தே போடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா