மீன் துள்ளிய தொட்டிக்கு இரண்டாம் தவணை வழங்கலாகாது

அனுப்புநர்:
மா. சகாதேவன்,
த/பெ. மாசிலாமணி,
மீனவர் குப்பம்,
சுண்ணாம்புக்குளம் அஞ்சல்,
பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கற்பட்டு மாவட்டம்,
காஞ்சிபுரம்.

பொருள்: பழைய பேட்டரி ஈயத்தை நீர்நிலை கெடாமல் பிரித்தெடுப்பதாக அரசு மானியம் பெற்ற உருக்காலை – தணிக்கை நாளில் அதன் கழிவுநீர்த் தொட்டியில் நான் மீன் விட்டது – இரண்டாம் தவணையை நிறுத்தக் கோருவது தொடர்பாக.

பார்வை: மானியப் பிரிவு அலுவலரின் 20-6-1986 நாளிட்ட பதில்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். உப்புத் தண்ணீர் ஏரியில் வலை போட்டுப் பிழைப்பவன். பொன்னேரியில் மனு எழுதித் தரும் பெருமாள் என்பவரிடம் இந்த விவரத்தைச் சொன்னேன். "உன் கழுத்துக்கு நீயே சுருக்கு மாட்டிக்கினா நான் இன்னா பண்றது? மீன் விஷயத்த வுட்டுட்டு எழுதலாம்" என்றார். மீன் விஷயத்தை விட்டுவிட்டால் இந்த மனுவில் மீதி ஒன்றும் இல்லை. ஆகவே நானே எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்தருள வேண்டும்.

2. எங்கள் குப்பத்துக்கு வடக்கே, ஏரிக்கரைப் புறம்போக்கை ஒட்டி, சுடரொளி ஈய உருக்காலை இரண்டு வருடமாக நடக்கிறது. லாரி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் திராவகத்தைக் கொட்டிவிட்டு, ஈயத்தை உருக்குகிறார்கள். அந்தத் திராவகத்தைத் தொட்டியில் தேக்கி, கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்து, அதன் வீரியத்தைக் கொன்ற பிறகே ஏரியில் விடுவோம் என்று எழுதிக் கொடுத்துத்தான் மானியம் வாங்கினார்கள். தொட்டி கட்டினார்கள். சுண்ணாம்பு ஒரு மூட்டைகூட உள்ளே போனதை நாங்கள் பார்த்ததில்லை.

3. 11-3-1986 அன்று தணிக்கைக்கு அதிகாரிகள் வந்தார்கள். முந்தின நாள் ஆலை மேலாளர் தனசேகர் என் வீட்டுக்கு வந்து, தொட்டியைக் கழுவி ஏரித் தண்ணீர் நிரப்பியிருப்பதாகவும், அதில் விட உயிர் மீன் வேண்டும் என்றும் கேட்டார். தணிக்கை முடிந்ததும் மீனை நாங்களே எடுத்துக்கொள்ளலாம், கூலி தனி என்றார். நான் ஒப்புக்கொண்டேன். கெளுத்தி அடியில் படுத்துக்கொள்ளும், யார் கண்ணுக்கும் தெரியாது. மடவைதான் மேலே வந்து துள்ளும் என்று யோசனை சொன்னவனும் நானே. மடவை கை பட்டாலே சாகிற மீன். நானும் என் மனைவி அம்மணியும் குடத்தில் தண்ணீரை மாற்றி மாற்றிச் சுமந்து, இருபது மீனை உயிரோடு கொண்டு சேர்த்தோம். ஒன்றுகூடச் சாகவில்லை. அன்று எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

4. அதிகாரிகள் பார்த்தார்கள், எழுதினார்கள், சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு ஜீப் கிளம்பியது. கிளம்பியதும், இரண்டு நாளாக டிரம்களில் அடைத்து வைத்திருந்த திராவகத்தைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தொட்டிக்குத் திறந்துவிட்டார்கள். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அம்மணி மீன் எடுக்க இறங்கினாள், முழங்கால் ஆழம். "இன்னாய்யா, தண்ணி சுடுது" என்றாள். "வெயில்ல காஞ்ச தண்ணி, சீக்கிரம் பொறுக்கு" என்று கரையில் நின்று சொன்னவன் நான். அவள் காலில் கிளிஞ்சல் கிழித்த புண் எப்போதும் இருக்கும். உப்புத் தண்ணீரில் புண் எரிவது எங்கள் பெண்களுக்குப் பழக்கம். ஆகவே எரிச்சலைப் பொருட்படுத்தாமல் பொறுக்கினாள். மீன்கள் புரண்டு மேலே வந்ததால் அன்று வேலை சுலபமாக இருந்தது. பதினாறு மீன் எடுத்த பிறகுதான் புடவை நார் நாராகப் பிரிவதை நான் பார்த்தேன். தூக்கியபோது பாதத்துத் தோல் என் கையோடு வந்தது.

5. சென்னை ஆஸ்பத்திரியில் ஏப்ரல் மாதம் அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆலை மீது நடவடிக்கையும் அவளுக்கு நிவாரணமும் கேட்டு மனுச் செய்தேன். அப்போது மீன் விஷயத்தை எழுதவில்லை, பயந்தேன். பார்வையில் கண்ட பதில் வந்தது. "மேற்படி தொட்டியில் மீன்கள் நல்ல நிலையில் துள்ளி நீந்தியது அதே தேதியில் தணிக்கையில் பதிவாகியுள்ளதால், மனுதாரரின் மனைவிக்கு ஏற்பட்ட காயம் அத்தண்ணீரால் நேர்ந்ததாக ஏற்க இயலவில்லை" என்று அதில் உள்ளது. ஐயா, துள்ளியவை என் மீன்கள். நான் குடத்தில் கொண்டுபோன மீன் என் மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

6. வரும் 26-ஆம் தேதி இரண்டாம் தவணைக்கான தணிக்கை. தனசேகர் மறுபடியும் வந்தார். மீன் கேட்டார், இந்த முறை இன்னும் பெரிதாக வேண்டுமாம். அம்மணியைப் பார்த்து, "கால் இல்லன்னா இன்னா, பேட்டரி ஒடைக்கக் கை போதுமே" என்று வேலையும் கொடுத்தார். வீட்டில் உலை வைக்க வழியில்லாததால் அவள் பத்து நாளாக அங்கேயே உட்கார்ந்து பேட்டரி உடைக்கிறாள். ஊனமுற்ற பெண்ணுக்கு வாழ்வு அளித்துள்ளோம் என்று அவளுடைய பெயரைப் புதிய விண்ணப்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதைப் படித்துக் காட்டி, அவளிடமே கைநாட்டும் வாங்கினார்கள். எனக்கு வயிறு எரிகிறது, ஐயா. அவர்கள் மேல் எவ்வளவோ, அவ்வளவு என் மேலும்.

ஆகவே, முதல் தணிக்கைச் சான்றை ரத்து செய்து, இரண்டாம் தவணையை நிறுத்தி, அம்மணியின் கால் அந்தத் தொட்டியில்தான் போயிற்று என்று அரசு காகிதத்தில் பதிவு செய்ய வேண்டுகிறேன். பொய்ச் சாட்சி தயார் செய்த குற்றத்துக்கு என்னை முதல் எதிரியாகச் சேர்க்கலாம், மறுக்க மாட்டேன். தாங்கள் 26-ஆம் தேதி வர வேண்டாம். அவர்கள் தொட்டியைக் கழுவுவதற்கு முன்பே, நாலு நாள் முன்னதாக, யாருக்கும் சொல்லாமல் வாருங்கள். மீன் கொண்டு வருகிறேன். தங்கள் கண் முன்னால் விடுகிறேன். எத்தனை நிமிடம் உயிரோடு இருந்தது என்று தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

உடைக்கும் கொட்டகையில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவள் அம்மணி. அவளிடம் குறை எதுவும் கேட்க வேண்டாம். மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது "நல்லா கீறேன் சார்" என்றுதான் சொல்லுவாள். அதிகாரி வந்திருக்கிறார், எழுந்து நில் என்று மட்டும் சொல்லுங்கள்.

இடம்: சுண்ணாம்புக்குளம்
நாள்: 18-8-1986

இதில் கண்டவை யாவும் நான் செய்ததும் பார்த்ததும் என்று உறுதி கூறும்,
(ஒப்பம்) மா. சகாதேவன்