இருநூற்று ஐம்பத்தைந்து மணி நேரம்

9-3-87, திங்கள்

இன்றைக்கும் தபாலில் ஒன்றும் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். பாவம், அவர் என்ன செய்வார்.

பைலட் லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மொத்தம் இருநூற்று ஐம்பத்தைந்து மணி நேரம் பறந்திருக்கிறேன். எந்தக் கம்பெனிக்கு எழுதினாலும் ஒரே பதில்தான்: ஐநூறு மணி நேரம் ஆனபின் வாருங்கள். வேலை கொடுத்தால்தானே ஐயா பறக்க முடியும்? கைக்காசு போட்டுப் பறக்க நான் என்ன ஜமீன்தார் வீட்டுப் பிள்ளையா?

அப்பா இருந்தவரை எப்படியோ மாதம் ஒரு மணி நேரம் மீனம்பாக்கம் போய்ப் பறந்துவிட்டு வருவேன். ஜனவரி இருபதாம் தேதி ஃபேக்டரியில் லேத் மெஷின் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதோடு எல்லாம் நின்றுபோனது. செப்டம்பரில் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் பத்து மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.

17-3-87, செவ்வாய்

அப்பா வேலை பார்த்த ஆவடி ஃபேக்டரி ஆபீசில் கூப்பிட்டிருந்தார்கள். ஹெட் கிளார்க் இராமகிருஷ்ணன் அப்பாவோடு தினமும் டீ குடித்தவர்.

"கவலப்படாதப்பா பால்ராஜ். டூட்டியில இறந்தவங்க குடும்பத்துல ஒருத்தருக்கு வேலை உண்டு, ரூல் இருக்குது. ஹெல்பர் போஸ்ட்டுதான். ஆனா வேலைய எடுத்துக்கிட்டா குவார்ட்டர்ஸும் உங்களுக்கே. இல்லேன்னா ஜூலை கடைசியில காலி பண்ணணும். மே முடியறதுக்குள்ள ஃபாரத்தக் குடுத்துடு."

காலி பண்ணி எங்கே போவதாம்? மேனாம்பேட்டில் அப்பா வாங்கிப் போட்டிருந்த ஒரு கிரவுண்டு மனையை விற்ற பணம்தான் என் இருநூற்று ஐம்பத்தைந்து மணி நேரம். அது காற்றோடு போயாயிற்று. புஷ்பா பதினோராவது படிக்கிறாள்.

கிளம்பும்போது இராமகிருஷ்ணன் கூப்பிட்டுச் சொன்னார்: "உள்ள போனதும் பைலட்டு கிய்லட்டுன்னு சொல்லிக்காத. ஓட்டியே தீர்த்துடுவானுங்க."

18-3-87

ஃபாரம் முழுக்க இங்கிலீஷும் இந்தியும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியில் நிறுத்திவிட்டேன். விண்ணப்பிப்பவர் யார்: மனைவி, மகன், மகள். அதில் மனைவியையும் மகளையும் இராமகிருஷ்ணன் முன்னாடியே சிவப்பு மையில் அடித்து வைத்திருக்கிறார். ஆண்பிள்ளை இருக்கிற வீடென்றால் எல்லாருக்கும் அப்படி அடித்துத்தான் கொடுப்பாராம்.

"இன்னாடா நின்னுட்ட?" என்றாள் அம்மா.

ஒன்றுமில்லை என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அப்படியென்றால் அம்மாவும் போகலாமா?

இதை ஏன் எழுதினேன்? மை காயட்டும். அடிக்கப் போவதில்லை.

22-3-87, ஞாயிறு

எதிர் பிளாக் பார்வதம் அக்காவைப் பார்த்தேன். அவளும் புருஷன் போனபின் ஹெல்பராகப் போகிறவள்தான். குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தாள். இரும்புத் துகள் குத்திக் குத்திப் புண்ணாம்.

நாற்பத்தைந்து வயதில் அம்மா அந்த வேலைக்கா? நான் மேலே பறக்கவா? சீ.

ஆனால் சொல்லாமல் இருக்கிறேனே, அது அம்மா மேல் இருக்கிற பாசமா, என்னை நானே நல்லவன் என்று நினைத்துக்கொள்ளவா? தெரியவில்லை. தலை வலிக்கிறது.

2-4-87, வியாழன்

கடிதம் வந்தது! குண்டூரிலிருந்து. பருத்திக்கு விமானத்தில் மருந்து அடிக்கிற கம்பெனி. ஆகஸ்டில் சீசன் ஆரம்பம். சாப்பாடும் படுக்க இடமும் தருவார்கள். பறக்கிற மணிக்கு ஏதோ கொடுப்பார்கள். ஃபேக்டரி ஹெல்பர் சம்பளத்தில் பாதிகூடத் தேறாது. ஆனால் ஒரு சீசனுக்கு நூற்றைம்பது மணி! இரண்டு சீசன் தாண்டினால் ஐநூறு.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையான்சாவடிக்கு ஓடினேன். என் சிநேகிதன் சுலைமானிடம்தான் முதலில் சொன்னேன். அவன் அத்தாவின் டயர் கடையில் பஞ்சர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டான்.

"இன்னா மச்சான் இது, ஏரோப்ளேன் ஓட்றவனுக்கு நம்ம கடைல பஞ்சர் ஒட்றவனவிட கம்மியா குட்கறான்?"

"காசு வுடுடா. மணிக்கணக்கு ஏறும்."

"ஏறி?"

"பெரிய கம்பெனில எடுப்பான்."

"அதுவரிக்கும் நீ முழுசா இருக்கணுமே மாமே. கரண்டு கம்பிக்குப் பக்கத்துலயே பறக்கணும்ன்ற. போன வருசம் ஓட்டினவன் எங்க கீறான், கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை.

17-4-87, பெரிய வெள்ளி

சர்ச்சில் மூன்று மணி நேரம் முழங்காலில் இருந்தேன். எதைக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு வேலையையும் கேட்டுவிட்டு வந்தேன்.

5-5-87, செவ்வாய்

குண்டூரிலிருந்து இரண்டாவது கடிதம். மே 31-க்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளாம். நல்ல தேதியாகப் பார்த்துப் பிடித்தார்கள். ஃபாரத்துக்கும் அதே தேதி.

நான் போனால் இவர்கள் தெருவில். நான் போகாவிட்டால் நான் செத்தேன். இப்படி எழுதுவது மிகை என்று தெரியும். ஆனால் இன்று காலை தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. சின்னதுதான். பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு அழுதேன். இருபத்தைந்து வயசு எருமை.

19-5-87, செவ்வாய்

சொல்லிட்டேன். ஐயோ, சொல்லிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் வந்தால் கொடியில் அப்பாவின் யூனிஃபார்ம் தொங்குகிறது. என் அளவுக்குப் பிடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு. அம்மா ஆசையாக, "போட்டுப் பாருடா, தோள்பட்டை சரியா கீதா பாப்போம்" என்றாள். பிளாக் முழுக்கப் பையனுக்கு வேலை ஆகிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை.

"நீயே போட்டுக்க! நீயே போயேன்! உனக்கும்தான் குடுப்பாங்க, பொண்டாட்டின்னு அதுல போட்டுகீது! எல்லாரும் சேர்ந்து என் கழுத்துலதான் கட்டணுமா?"

கத்தினேன். பெத்தவளைப் பார்த்து. அப்பா யூனிஃபார்மை உருவிக் கீழே வேற போட்டேன்.

அம்மா அதை எடுத்து உதறி மடித்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எனக்குங்கூட குடுப்பாங்களா?"

புஷ்பா என் முகத்துக்கு நேரே வந்து, "நீயெல்லாம் ஒரு அண்ணனா? தூ!" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

20-5-87

அம்மா எப்போதும்போல சோறு போட்டாள். அதுதான் தாங்கவில்லை. திட்டித் தொலைத்தாலாவது பரவாயில்லை.

21-5-87

முடிவு பண்ணிவிட்டேன். ஃபாரத்தில் 'மகன்' என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்தேன். நாளைக்குக் கொடுத்துவிட வேண்டியது. குண்டூருக்கு வரவில்லை என்று கார்டு எழுதியாயிற்று. எழுதி முடித்தபின் ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்கிய இடம் மரத்துப் போயிருக்குமே, அப்படி இருக்கிறது.

22-5-87, வெள்ளி

அலமாரியில் ஃபாரம் இல்லை. அம்மாவும் இல்லை.

பதினொரு மணிக்கு வந்தாள், பார்வதம் அக்காவோடு. அம்மா நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்காதான் வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"உங்கம்மா இன்னா பேச்சு பேசிச்சு தெரியுமாடா? உன் ஃபாரத்த கிழிச்சி கிளார்க்கு மேசைல போட்டுச்சு. 'பொண்டாட்டின்னு அச்சடிச்சிகீதா இல்லியா? கெவருமெண்டு அச்சடிச்சத அடிக்க நீ யாருயா?'ன்னுச்சு. புது ஃபாரம் எட்த்து அவரே எழுதிக் குட்த்தாரு."

அடுப்படியில் போய் நின்றேன். வேண்டாம்மா, நான் போகிறேன், கோபத்தில் சொன்னேன் என்றேன். திரும்பாமலே பேசினாள்.

"இருவத்தாறு வருசமா சங்கு சத்தம் கேட்டுகினு கீறேன். உள்ள இன்னா கீதுன்னு ஒரு நாளு பாத்ததில்ல. நானும் போய்ப் பாக்கறேன்."

"நெஜமாத்தான் சொல்றியா? இல்ல, நான் கத்தினதாலயா?"

"சோறு ஆறுது. சாப்புடு."

இதற்கு மேல் அவளிடமிருந்து பதில் வராது. எனக்குத் தெரியும். குண்டூர்க் கார்டைக் கிழித்துப் போட்டு, வருகிறேன் என்று வேறு கார்டு எழுதினேன். சந்தோஷமாக இருக்கிறேனா? இருக்கிறேன். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

13-7-87, திங்கள்

அம்மா முதல் நாள் வேலைக்குப் போனாள். நீலப் புடவை. ஆறே முக்காலுக்கே கிளம்பிவிட்டாள். கேட் வரைக்கும் நானும் வருகிறேன் என்றேன். "எதுக்கு, பொண்ணு பாக்கவா போறேன்?" என்று சிரித்தாள். அப்பா போனபின் அம்மா சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

30-7-87

அம்மாவின் உள்ளங்கையிலிருந்து புஷ்பா ஊக்கால் எதையோ நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் அம்மா கையை முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

9-8-87, ஞாயிறு

நாளைக்கு ரயில். சுலைமான் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். "கம்பியப் பாத்து மச்சான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டான்.

19-8-87, குண்டூர்

போன வருடம் ஓட்டியவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். கால் எடுத்துவிட்டார்கள். மெக்கானிக் சொன்னார். நான் கேட்கவில்லை.

6-10-87, செவ்வாய், குண்டூர்

இன்றோடு முந்நூற்றுப் பதினெட்டு மணி. விடியும்போதே ஏறி, பருத்திச் செடிக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேல் பறந்து, வரப்பு முடிகிற இடத்தில் கம்பி வருமுன் தூக்க வேண்டும். தினம் அறுபது தடவை. லைசென்ஸ் புதுப்பித்தாயிற்று; அடுத்த மாதம் மெடிக்கல் டெஸ்டுக்குப் பணம் கட்ட வேண்டும். இறங்கியதும் சட்டையெல்லாம் மருந்து நாற்றம். சோறே இறங்குவதில்லை.

டீ குடிக்கும்போது மேனேஜர் வீட்டைப் பற்றி விசாரித்தார். நெல்லூர்க்காரர், நன்றாகவே தமிழ் பேசுவார். அப்பா இறந்துவிட்டார் என்றேன். அம்மா என்ன பண்ணுறாங்க என்றார்.

"வீட்டிலதான் சார் இருக்காங்க."

வாயில் அப்படித்தான் வந்தது. பைலட்டின் அம்மா இரும்புத் துகள் கூட்டுகிறாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மத்தியானம் மணியார்டர் வந்தது. ஆவடியிலிருந்து. நான் அனுப்ப வேண்டியதுபோய் எனக்கு வந்திருக்கிறது. கீழே அம்மாவின் கையெழுத்தில் நான்கு வரி: "மெடிக்கல் டெஸ்டுக்கு வைத்துக்கொள். நான் சுகம். உள்ளே கிரேன் எல்லாம் நம்ம சர்ச்சைவிட உயரம். அப்பா மெஷினைப் பார்த்தேன், வேறு ஆள் நிற்கிறான்." அனுப்புநர் என்ற இடத்தில்: சுசீலா ஜேம்ஸ், டோக்கன் 4172. ஃபேக்டரியில் அம்மாவுக்குக் கொடுத்திருக்கிற எண்.

பணத்தை வாங்கிக்கொண்டு நேராக மேனேஜரிடம் போனேன். "சார், காலையில தப்பாச் சொல்லிட்டேன். எங்கம்மா டிஃபன்ஸ் ஃபேக்டரியில வேலை பார்க்கிறாங்க."

"அப்படியா? ரொம்ப நல்லது. ஃபேக்டரியில எந்த ஷாப், எந்த செக்ஷன்?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.