கடலோர மேட்டு நிலம் வேண்டாம்

அன்பு மகள் யெசேனியாவுக்கு,

நீயும் மாப்பிள்ளை டீட்டரும் ஹாம்பர்க் குளிரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கக் கன்னி மாதா துணை செய்யட்டும். நான் நடமாட்டமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் வலித்துக் காட்டுகிறது. உன் தம்பி வில்மர் படகுக்குப் போகிறான், மீன் கிடைக்கிறது. நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கடலைப் பார்த்த அந்த மேட்டு நிலத்தை மாப்பிள்ளை வாங்கப்போவதாகவும், ரிவாஸ் டவுனில் இருக்கும் வக்கீல் எல்லாம் சரியாக இருக்கிறதென்று சொன்னதாகவும் எழுதியிருந்தாய். வெளிநாட்டுக்காரரும் இங்கே நிலம் வாங்கலாம் என்று வக்கீல் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது யாருடைய நிலம் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். அது டச்சுக்காரர் வில்லெமுடைய நிலம், நாங்கள் மரியாதையாகத் தொன் கில்லெர்மோ என்று கூப்பிடுவோமே அவருடையது.

மூன்று வருடத்துக்கு முன் உன் ஞானத்தந்தை கசிமிரோதான் அதை அவருக்கு விற்றார். அவரும் ஏமாற்றவில்லை, புரட்சிக்குப் பிறகு அரசாங்கம் பண்ணையாரிடமிருந்து பண்ணையை எடுத்துப் பிரித்துக் கூட்டுறவில் கொடுத்தபோது அவர் பங்குக்கு வந்தது அது. வில்லெம் தங்கமான மனுஷர், தன் கையாலேயே வீடு கட்டினார், பப்பாளி வைத்தார், ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் வாழையிலையில் கட்டி அவித்த நகதமால் சாப்பிட்டு, இன்னொன்று கேட்கக் கூச்சப்பட்டு இலையையே பார்த்துக்கொண்டிருப்பார். போன கோடையில் பழைய பண்ணையாரின் பேரன் மயாமியிலிருந்து வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, மெல்லிய குரல். "இது எங்க தாத்தா நிலம், தொன் கில்லெர்மோ, பழைய பத்திரம் எங்கிட்ட இருக்கு, நீங்க திருப்பிக் குடுத்துட்டீங்கன்னா நல்லது" என்றானாம். இவர் மறுத்தார். அடுத்த வாரம் வேலி அறுந்து கிடந்தது. அப்புறம் நாய்கள் இரண்டும் வாயில் நுரையோடு செத்துக் கிடந்தன. கசிமிரோ சாட்சி சொல்கிறேன் என்றார். மறுநாள் அவர் மகனை யாரோ வழியில் நிறுத்தி, "அப்பாவுக்கு வயசாச்சு, பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். கசிமிரோ அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

வழக்குப் போட வில்லெம் ரிவாஸ் டவுனுக்குப் போய்த் திரும்பியபோது பாதையில் சங்கிலி, வீட்டுக் கதவில் வேறு பூட்டு. நேராக நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சோறும் பீன்ஸும் வைத்தேன், தொடவில்லை. "தோன்யா எவுலாலியா, இந்த நிலத்துக்கு எத்தனை பேர்தான் சொந்தக்காரங்க?" என்றார். "கையில பத்திரம் வெச்சிருக்கிற எல்லாரும்தான், ஒண்ணும் போலியில்ல, அதுதான் கஷ்டம்" என்றேன். அன்றைக்கே சாயங்கால பஸ்ஸில் கைப்பையோடு போய்விட்டார். ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை மகளே.

இப்போது கேள். போன ஞாயிறு பூசை முடிந்து அந்தப் பேரன் கோவில் வாசலில் என்னை நிறுத்தினான். "யெசேனியா சௌக்கியமா? டீட்டருக்குக் கடல்காத்து பிடிக்குமாமே. பத்திரம் சுத்தமா இருக்கு, வரச் சொல்லுங்கம்மா" என்று சிரித்தான். நீங்கள் நிலம் பார்க்கும் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் புருஷன் பெயரும் இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. வக்கீல் யாருக்கு வேலை செய்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

மாப்பிள்ளை வருத்தப்படுவார், எடுத்துச் சொல். எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்று வக்கீலிடம் சொல்லிவிடு, பழி என்மேலேயே இருக்கட்டும். டிசம்பரில் மாதா திருவிழாவுக்கும் இந்த வருடம் வர வேண்டாம். இதை எழுத எனக்கு எவ்வளவு பிடிக்கவில்லை என்று உனக்குத் தெரியும்.

கடவுள் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இந்தக் கடிதத்தை இங்கே தபாலில் போடவில்லை, கோஸ்தா ரிக்காவுக்கு வேலைக்குப் போகும் உன் சித்தி மகள் எல்லை தாண்டிப் போடுவாள். ஒன்று மறக்காதே, போனில் கூப்பிட்டால் மழையைப் பற்றி மட்டும் கேள், நானும் மழையைப் பற்றி மட்டுமே சொல்வேன்.

உன் அம்மா,
எவுலாலியா