வெட்டவெளியான ஹால்

முதுகுத்தண்டில் அடிபட்ட ஃபஸீலா, ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சிக்கான இரண்டு கம்பிகளுக்கு நடுவே நன்றாகவே நடந்தாள். வீட்டிலும் தாராளமாக நடக்கட்டும் என்று கணவர் ஹக்கீம் ஹாலில் இருந்த சோபா, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் அறைக்குள் அடுக்கிவிட்டார். வெட்டவெளியாய்க் கிடந்த ஹாலில் அவள் கால் ஒரு அடிகூட நகரவில்லை. "அங்க நடக்குறே, இங்க மட்டும் அடம் பிடிக்கிறியா?" என்று நேற்று அவர் கேட்டது இன்னும் சுட்டது.

இன்று அவர் சாமான் வாங்கப் பசாருக்குப் போயிருந்த நேரத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, சிரிப்பை அடக்க முடியாமல் அவருக்குச் சீட்டு எழுதினாள்:

"மச்சான், மீன்கறி அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. என் சாவி என்கிட்டதான் இருக்கு, தேடாதீங்க.

நான் அடம் பிடிக்கல. கை நீட்டினா பிடிக்க ஒண்ணும் இல்லாத இடத்துல கால் பயந்துடுது. நம்ம பிளாட் காரிடார்ல ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பி. வாசல் வரைக்கும் சக்கர நாற்காலியில போய், அங்கேருந்து லிப்ட் வரைக்கும் நடந்துட்டு வந்தேன், நம்புங்க லா. பக்கத்து வீட்டு காமாரியா அக்கா என்னைப் பார்த்துட்டு துணி வாளிய நழுவ விட்டுட்டாங்க. இப்ப அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு கீழ கடையில ஜில்லுனு ஐஸ் போட்ட செண்டோல் சாப்பிடப் போறேன்.

சோபாவ பழைய இடத்துலயே போடுங்க.

அப்புறம், சக்கர நாற்காலிய வீட்டுலயே விட்டுட்டுப் போறேன். ஹால்ல உட்கார வேற எதுவும் இல்ல, நீங்களே அதுல உட்கார்ந்து சாப்பிடுங்க."