உன் வீட்டுக் குரல்

பள்ளிக் கேன்டீனில் அத்தனை பிள்ளைகளையும் ஒரே அதட்டலில் வரிசையில் நிற்கவைத்த என் அம்மாவுக்கு,

அன்றைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில், இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே, நீ என்னிடம் கேட்டாய்: "ஆப்ரேஷன் வேணாம்னு விட்டுட்டா என்னடி ஆகும்?" விட்டால் பிழைக்க மாட்டாய் என்று நான் சொல்லவில்லை. செய்தாலும் பிழைப்பது உறுதியில்லை என்று டாக்டர் அப்பாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதையும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பொத்தானை அழுத்தி, "இன்னொரு டேக் போலாம்மா" என்றேன்.

நீயும் சரி என்று தொண்டையைச் செருமிக்கொண்டாய்.

உன் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், அதன்பிறகு பேச்சு வராது என்றார்கள். நான் அப்போது இசையும் இசைத் தொழில்நுட்பமும் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிப்பால் உனக்கு ஆகக்கூடிய ஒரே உபகாரம் என் புத்திக்கு உடனே எட்டியது. உனக்குத் தேவைப்படும் வாக்கியங்களை எல்லாம் முன்கூட்டியே பதிவு செய்து கைப்பேசியில் ஏற்றிவிடலாம். நீ தொட்டால் உன் குரலே பேசும். "பாட்டு படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் எல்லாம், "ஏன், நீங்க போடுற கேசட்டு மரத்துலயா காய்க்குது?" என்று எனக்காகச் சண்டை போட்டவள் நீ. இப்போது என் முறை என்று நினைத்தேன்.

நீ கோயில் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாய். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் வாசகம் வாசிப்பவள் இல்லையா? மைக் என்றாலே உனக்கு அந்தச் சேலைதான். கருவிகளைப் பார்த்துக்கொள்ள என் வகுப்புத் தோழி ஐனா வந்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் அவள் கையில் நீ வறுத்த மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலம் ஒன்றைத் திணித்தாய். "என்னடி இது, மீன் வைக்கிற ஐஸ் ரூம் மாதிரி இருக்கு. இதுக்குள்ளயா பாட்டு வருது?" என்றாய்.

நான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து வாசித்தாய். "எனக்குத் தண்ணீர் வேண்டும்." கோயிலில் வாசிக்கும் அதே நிதானம், அதே கம்பீரம்.

"அம்மா, சாதாரணமா சொல்லும்மா. வீட்ல கேக்குற மாதிரி."

"வீட்ல நான் எங்கடி தண்ணி கேட்டேன்? நீங்கதான கேப்பீங்க."

தமிழ் தெரியாத ஐனாவுக்கும் அது புரிந்துவிட்டது. "அலமாக், மக்சிக்!" என்று, ஐயோ ஆன்ட்டி என்பதை மலாயில் கூவி, மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். உனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அப்பா ஃபாக்டரி பஸ்ஸைக் கழுவுகிறேன் என்று தானே குளித்துவிட்டு வருவதைச் சொன்னாய். தலைமையாசிரியை கறிபஃப்பை அமுக்கிப் பார்த்து வாங்குவதை நடித்துக் காட்டினாய். இருமினாய், இருமலையும் திட்டினாய். பிறகு மைக்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு வலிக்கிறது" என்று வாசகம் வாசித்தாய்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல டேக்கை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் இருக்கும் பேச்சு, சிரிப்பு, இருமல், நாற்காலிச் சத்தம் எல்லாம் எங்களுக்குக் குப்பை. அப்படித்தான் செய்தேன். அதோடு நிற்கவில்லை. உன் குரலில் நோய் வந்தபின் ஏறியிருந்த கரகரப்பையும் நீக்கினேன். மூச்சு இழுக்கும் சத்தத்தை ஒவ்வொன்றாக எடுத்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சுத்தமாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. அந்தக் கல்விப் பருவம் முடிந்ததும் வழக்கம்போல ஆய்வகக் கணினிகளில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். முழுப் பதிவும் அதோடு போயிற்று.

முடித்த வாக்கியங்களை வீட்டில் உனக்குப் போட்டுக் காட்டினேன். நீ வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாய்.

"யாருடி இவ? எனக்கு முந்தி உங்கப்பா கட்டினவளா?"

அப்பா சோற்றுத் தட்டோடு வெளியே நழுவினார். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். பிறகு கைப்பேசியை வாங்கி, ஒரு பொத்தானைத் தொட்டாய். கேட்டாய். இன்னொன்றைத் தொட்டாய். அவள் குரலில் ஒரு நோயும் இல்லை. நீ வெங்காயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாய்: "சரி. இனிமே இவ பேசட்டும். என்னைய அறுத்துக்கட்டும்."

அப்படித்தான் நீ சம்மதித்தாய். டாக்டர் கேட்டும் சம்மதிக்கவில்லை, அப்பா அழுதும் சம்மதிக்கவில்லை. என்னால் சம்மதித்தாய். அது நல்லதா கெட்டதா என்று இத்தனை மாதங்களாக யோசிக்கிறேன். நீ இருந்திருந்தால் "யோசிச்சு என்னத்தக் கிழிச்ச?" என்று கேட்டிருப்பாய். சம்மதித்திருக்காவிட்டால், ஆப்ரேஷன் நடந்த அந்த மழைக்காலம் முழுக்கவாவது நீ பேசிக்கொண்டு இருந்திருப்பாயா? யாரிடம் போய்க் கேட்பது?

இங்கே செய்தி என்னவென்றால், கேன்டீனில் இப்போது ஓர் அக்கா ஊதல் வைத்து ஊதுகிறார். பிள்ளைகள் வரிசையில் நிற்பதில்லை. அப்பா இன்னும் ஃபாக்டரி பஸ்தான் ஓட்டுகிறார். சமைக்கவும் பழகிவிட்டார், உப்புதான் பிடிபடவில்லை. நான் இறுதி ஆண்டுக்கு வந்துவிட்டேன். பழைய பதிவுகளை மீட்டெடுப்பது பற்றி இப்போது ஒரு பாடம் இருக்கிறது. ஒருமுறை எடுத்துவிட்ட மூச்சைத் திரும்ப வைக்க முடியாது என்று முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். குறிப்பு எடுக்கவில்லை.

போன மாதம் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "அம்மா குரல் போன்ல இருக்குல்ல? போடு."

போட்டேன். நாலைந்து வாக்கியங்கள் கேட்டார். "இது கோயில்ல வாசிக்கிற குரல்மா. வீட்டுக் குரல் இல்லியா?"

"இல்லப்பா."

அவர் தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கினார். அதுதான் தாங்கவில்லை.

ஐனாவிடம் இதைச் சொன்னேன். இப்போது அதற்கெல்லாம் மென்பொருள் வந்துவிட்டது, இருக்கும் பதிவைக் கொடுத்தால் போதும், நாம் எதைத் தட்டச்சு செய்தாலும் மக்சிக் குரலிலேயே பேசும் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

"அப்ப என்னைய திட்டுமா?"

"திட்டும்ப்பா. ஆனா பூசையில நின்னு திட்டுற மாதிரி இருக்கும்."

அப்பா சிரித்துவிட்டார். பிறகு தட்டைக் கழுவப் போனார். குழாயை மூடாமல் வெகுநேரம் நின்றார். ஒருநாள், "இருந்தாலும் செஞ்சு பாரேன்" என்றார். அவர் ஆசை எனக்குப் புரிகிறது, அம்மா. எனக்கும் அந்த ஆசை உண்டு. மென்பொருளைத் திறந்து, உன் வாக்கியங்களை ஏற்றி, காலியான கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? எழுத எழுத, நான் கேட்க விரும்பியது மட்டும்தான் உன் வாயிலிருந்து வரும். "உன் தப்பு இல்லடி" என்று எழுதினால் அதையும் சொல்வாய், அந்த நோயில்லாத குரலில். மூடிவிட்டேன்.

ஏனென்றால் நீ கடைசியாக என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. ஆப்ரேஷனுக்குப் பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவில், கழுத்தில் குழாயோடு, என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாய். புரியவில்லை. கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினேன். நீ பொத்தான்களைப் பார்த்தாய், கையால் தள்ளிவிட்டாய். திரும்ப உதட்டை அசைத்தாய், மெதுவாக, மந்தமான பிள்ளைக்குச் சொல்வது போல. தண்ணீரா என்றேன். வலியா என்றேன். அப்பாவா என்றேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டாய். நான் எழுதித் தந்தவற்றில் அது இல்லை.

அதனால் உனக்கு ஒரு வாக்கு. நீ சொல்லாத ஒன்றை உன் குரலில் நான் ஒருநாளும் சொல்ல வைக்க மாட்டேன். அப்பா கெஞ்சினாலும் மாட்டேன். நானே கெஞ்சினாலும் மாட்டேன். நீ சொல்லவந்தது தெரியாமலே இருக்கட்டும்.

நீ உதட்டை அசைத்த அன்று இரவு உனக்குக் காய்ச்சல் ஏறியது. நுரையீரலில் தொற்று என்றார்கள். மறுநாள் காலை, நாங்கள் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது, நீ இறந்துவிட்டாய்.

உன் வயிற்றில் பிறந்த ஒரே பெண்