பத்து மணி விசில்

என்னங்க,

நீங்கள் காய்கறி வாங்கிக்கொண்டு பாசாரிலிருந்து வரும்போது நான் இருக்க மாட்டேன். டெக்சி வாசலில் நிற்கிறது. சோறு ஆக்கிவிட்டேன், மீன் கறியை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். சட்டையைக் கழற்றிவிட்டு அந்த நெஞ்சுத்துடிப்பு மெஷினை உங்கள் நெஞ்சில் வையுங்கள். அது விசிலடித்து முடிக்கும்வரை ரிசீவரை அதன்மேல் பிடியுங்கள்; அந்த விசிலில்தான் உங்கள் துடிப்பு அவர்களுக்குப் போகும். பேசாதீர்கள்.

நேற்று செய்ததை மறுபடி செய்யாதீர்கள். வார்டில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, "நீ வெச்சுக்கோ லா, கிள்ளான்ல யாரு நெஞ்சுன்னு கே.எல். ஆஸ்பத்திரியில இருக்கவனுக்கு எப்படித் தெரியும்" என்று என் துடிப்பை அனுப்பினீர்கள். நானும் மெஷினை என் நெஞ்சில் வைத்துக்கொண்டேன்.

இன்று நீங்கள் பாசாருக்குக் கிளம்பியதும் டாக்டர் போனில் கூப்பிட்டார். "இது ஆபத்தான துடிப்பும்மா, உங்க வீட்டுக்காரர இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார். அது என்னுடையது என்று சொன்னேன். திட்டினார். பிறகு என்னை உடனே வரச் சொன்னார்.

மகள் சுபாங் ஜெயாவில் வேலையில் இருப்பாள். நான் போன் பண்ணும்வரை அவளிடம் சொல்லாதீர்கள்.

சிவகாமி

கோபம் இன்னும் போகவில்லை. உங்கள் மாத்திரை மைலோ டின்னுக்குப் பின்னால்.

மெஷினை வைத்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அண்ணனையும் கூப்பிடாதீர்கள். உங்களுக்குப் பதிலாகக் காட்ட இன்று என் நெஞ்சு வீட்டில் இல்லை.