வெள்ளைப் பூ வரும்வரை

ஜூன் 8, சனி

இன்றும் வகுப்பில் பாதி நேரம் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தேன். நுவரெலியாவில் பனிமூட்டம் இறங்கினால் மரமெல்லாம் தண்ணீருக்குள் நிற்பது மாதிரி இருக்கிறது. முப்பத்தொன்பது வயதில் டிகிரி படிக்க வந்தவள் இப்படியா கனவு காண்பது! ஷிராணி மிஸ் கடைசியாகச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "நீங்க நம்புற ஒன்ன எடுங்க. என்ன நடந்தா அது பிழைன்னு ஒத்துக்குவீங்க? அத எழுதிட்டு வாங்க."

ஜூன் 12

விடாத மழை. நாங்கள் குடியிருக்கும் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு வெடித்திருக்கிறது, எப்போது சரியுமோ. ஆறு குடும்பமும் பாயோடு கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்டோம். மறைப்புக்குக் கட்டிய சேலை காற்றில் உப்பி உப்பி அடங்குகிறது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நான் எதை நம்புகிறேன்?

ஜூன் 16

வீட்டுக்குத் திரும்பலாமா என்று சாமியிடம் பூக்கட்டிப் பார்த்தார்கள். இரண்டு பொட்டலம். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது.

வெள்ளை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் அடுப்பு, என் ஜன்னல்... கட்டுரைக்கும் இதையே எழுதலாம் என்று தோன்றியது. பொட்டலம் கட்டியவர்களோடு நின்றவர் என் வீட்டுக்காரர். சும்மாதான் கேட்டேன்.

"செவப்பு வந்திருந்தா என்னங்க செஞ்சிருப்பீங்க?"

"வந்துச்சே, ரெண்டு தடவ. சாமி இன்னும் மனசு வைக்கலன்னு திருப்பிக் கட்டுனோம்."

ஜூன் 17

ஐயோ, அப்ப சாமி ரெண்டு தடவ வேணாம்னு சொல்லியிருக்கு! நாங்க கேக்கவே இல்லையே — வெள்ளை வர்றவரைக்கும் கட்டிக்கிட்டுல்ல இருந்திருக்கோம்.

ஜூன் 18

அவரிடம் சொன்னேன். கோபம் வந்துவிட்டது.

"நாலு எழுத்து படிச்சதும் சாமிய கேள்வி கேக்குறியா?"

"சாமிய இல்லங்க. நம்மளத்தான் கேக்குறேன்."

எனக்கு மட்டும் வீட்டு ஆசை இல்லையா? பாவி மனசு, கண்ணை மூடினால் அங்கேதான் நிற்கிறது. ஆனாலும் சொல்லிவிட்டேன், நானும் பிள்ளைகளும் வரமாட்டோம் என்று. அவரும் லயத்துக்குப் போகவில்லை. அவர் போகாததால் மற்றவர்களும் நாளைக்கு, நாளைக்கு என்று இருக்கிறார்கள்.

ஜூன் 20

மழை இல்லை. யாரும் என்னோடு பேசவும் இல்லை.

ஜூன் 22

தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை மண்டபத்துக்கு வந்தார். மழை விட்டுவிட்டது, பயமில்லை, எல்லோரும் லயத்துக்குப் போகலாம் என்றார். சனங்கள் மளமளவென்று பாயைச் சுருட்டினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வீட்டுக்காரரின் குரல்.

"மேட்ட பாத்துட்டா சொல்றீங்க, தொரை?"

தொரை பார்க்கவில்லை. இருவரும் மேட்டில் ஏறிப் போனார்கள். திரும்பி வந்தபோது தொரையின் முழங்கால்வரை சேறு. மேடு இன்னும் இளகிக் கிடக்கிறது, யாரும் லயத்துக்குப் போக வேண்டாம் என்றார்.

வீட்டுக்காரர் எங்கள் பாயை எடுத்து மறுபடி விரித்தார்.